காக்காய்க்கு உறைக்கவில்லை

2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் அறிவிக்கப்பட்ட வாரம், அதைப் பற்றி ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினேன். மிளகாய் ஏன் எரிகிறது என்று கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், தொட்டால் ஏன் தெரிகிறது என்று கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரையும் புரியும்படி சொல்லியிருப்பதாக நாலைந்து பேர் பாராட்டினார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி வரும் காரியங்களையெல்லாம் செய்தது அந்தக் கட்டுரையை எழுதிய அதே ஆள்தான்.

அம்மா மொட்டைமாடியில் வேட்டி விரித்துக் கூழ் வத்தல் ஊற்றியிருந்தாள். காக்காய் விரட்டும் வேலை எனக்கு. சித்திரை வெயிலில் குடைபிடித்துக் குந்தியிருப்பது அறிவியல் எழுதுகிறவனுக்கு அழகா? டப்பாவிலிருந்து மிளகாய்த்தூளை அள்ளி, வேட்டியின் ஓரங்களிலும் வத்தல் மேலும் தாராளமாகத் தூவிவிட்டுக் கீழே வந்து மின்விசிறிக்கு அடியில் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் வேட்டியில் பாதி காலி. வழக்கமாக வந்து கொறிக்கும் அணில்களை மட்டும் அன்றைக்குக் காணவில்லை. கைப்பிடிச் சுவரில் இரண்டு காக்காய்கள், சாப்பாடு முடிந்து மூக்கைத் தீட்டிக்கொண்டிருந்தன.

அம்மா திட்டவில்லை. அது இன்னும் மோசம். “ஏண்டா, கூழ்லயே பச்ச மிளகா அரைச்சுதானே ஊத்தியிருக்கேன்? அதத் தின்ன வர்ற காக்கா உன் தூளுக்கா பயப்படும்? கிளி மிளகாப்பழம் கொத்துறத நீ பாத்ததே இல்லையா?”

பார்த்திருக்கிறேன். எழுதியும் இருக்கிறேன். பழைய இதழை எடுத்துப் புரட்டினால், என் கட்டுரையின் கடைசிக்கு முந்தைய பத்தியில் அந்த விஷயம் கொட்டை எழுத்தில் இல்லாவிட்டாலும் நல்ல தமிழில் இருந்தது.

வலியறியும் நரம்பின் நுனியில் டிஆர்பிவி-1 என்றொரு புரதம் செல்லின் சவ்வில் பதிந்திருக்கிறது. சேதி வாங்கும் ஏற்பியும் அதுவே, அயனிகளுக்கு வழிவிடும் வாய்க்காலும் அதுவே. ஏரி மடைபோலச் சாதாரணமாக மூடியிருக்கும். மிளகாயின் கேப்சைசின் வந்து ஒட்டியதும் திறந்துகொள்ளும். வெளியில் காத்திருக்கும் சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். அந்த மின்மாற்றம் நரம்பு வழியே மூளைக்குப் போய், “எரியுது” என்று முடிகிறது. இந்த மடையைக் கண்டுபிடிக்க ஜூலியஸின் ஆய்வகம் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். எலியின் உணர்வு நரம்புகளில் செயல்படும் மரபணுக்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்து, மிளகாயைச் சட்டைசெய்யாத வேறு செல்களுக்குள் புகுத்தினார்கள். எந்தச் செல் திடீரென்று மிளகாய்க்குத் துள்ளுகிறது என்று தேடித்தேடி, கடைசியில் ஒரே ஒரு மரபணுவில் வந்து நின்றார்கள். அது 1997-இல்.

பறவைக்கும் இதே புரதம் உண்டு. சூட்டுக்குத் திறக்கும். ஆனால் கேப்சைசின் ஒட்டவேண்டிய இடம் கோழியிடம் வேறு மாதிரி அமைந்திருப்பதை 2002-இல் அதே ஆய்வகம் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் டியூக்ஸ்பரி, நப்ஹான் என்ற இருவர், அரிசோனாவின் காட்டு மிளகாயைக் கொறிணிகள் ஒதுக்குவதையும் பறவைகள் விரும்பித் தின்பதையும் பதிவுசெய்தார்கள். கொறிணி விதையைக் கடித்து நாசமாக்கும். பறவை முழுசாக விழுங்கி வேறெங்கோ எச்சமிடும், விதையும் முளைக்கும். ஆக, மிளகாய்ச்செடி யாரை விரட்டி யாரை அழைக்க நினைத்ததோ, அதையே நான் ஒரு நாலு முழ வேட்டியில் நடத்திக் காட்டியிருந்தேன். அணிலை அப்புறப்படுத்திவிட்டுக் காக்காய்க்குப் பந்தி போட்டிருக்கிறேன்.

மிச்சத் தூளைத் தட்டிக் கொட்டும்போது கண் அரித்தது. தேய்த்தேன். குழாயடியில் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தும் எரிச்சல் தணியவில்லை. கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது என்பதும் அந்தக் கட்டுரையில் இருந்தது. விரலில் நல்லெண்ணெய் தடவி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொட்டிருக்கலாம். தொடாமலே இருந்திருக்கலாம்.

மெரினாவில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு நாக்கு தாங்காமல் கொதிக்கக் கொதிக்க டீ வாங்கிக் குடித்த கதையை விரிக்கப்போவதில்லை. டிஆர்பிவி-1 சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டுக்கும் திறக்கும், கேப்சைசின் ஏறியிருந்தால் அதைவிடக் குறைந்த சூடே போதும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். பத்தடி தள்ளி மோர் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பட்டபூட்டியன் விஷயத்திலாவது தேறினேனா? அவருடைய குழு நுண்ணிய கண்ணாடி ஊசியால் செல்லைக் குத்தி, எழும் மின்னோட்டத்தை அளந்தது. சந்தேகப்பட்ட 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்து, 2010-இல் பீஸோ-1, பீஸோ-2 என்ற இரண்டு வாய்க்கால்களை அறிவித்தது. சவ்வு அழுந்தினாலே திறப்பவை இவை. இத்தனைக்கும், நோபல் குழு அழைத்தபோது மனிதர் கைப்பேசியை ஓசையடக்கி வைத்திருந்தாராம். சேதி அவருடைய 94 வயது அப்பா வழியாகத்தான் வந்து சேர்ந்தது. இதைப் படித்தபோது எனக்கு வந்த ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல.

சிறுநீர்ப்பை நிரம்பி விரிவதை மூளைக்குச் சொல்வதிலும் பீஸோ-2-க்குப் பங்குண்டு. பிறவியிலேயே அது வேலைசெய்யாதவர்களுக்கு நிறைந்தது சரியாகத் தெரியாது. அவர்களில் சிலர் கடிகாரத்தைப் பார்த்துப் போய்விட்டு வருகிறார்கள். எனக்கு அது பழுதில்லாமல் இருக்கிறது. திருச்சியிலிருந்து சென்னை வரும் ராத்திரிப் பேருந்து விக்கிரவாண்டியில் நின்றபோதே அது ஒழுங்காகச் சேதி அனுப்பியது. கழிப்பறை வாசலில் வரிசை நீளம். போனால் டீக்கு நேரமிருக்காது என்று கணக்குப் போட்டு, டீ குடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

திண்டிவனம் தாண்டியதும் எழுந்து நடத்துநரிடம் போனேன்.

“இப்பத்தானே சார் அவ்வளவு நேரம் நிறுத்துனோம்? அப்ப என்ன பண்ணுனீங்க?”

டீ குடித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பீஸோ-2 பற்றியும் அவரிடம் பேசமுடியாது.

“மேல்மருவத்தூர்ல பாக்கலாம், உக்காருங்க.”

உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேல்மருவத்தூருக்குள் எத்தனை மேம்பாலம் ஏறி இறங்கவேண்டும் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.