பத்தடிக்கு ஒன்றரை நூல்
டொராண்டோ வீடுகளின் பேஸ்மென்ட் தரை பார்வைக்கு மட்டமாகத்தான் இருக்கும். நீள மட்டப்பலகையை வைத்தால்தான் அடியில் எலி புகுந்து போகும் சந்து தெரியும். லேமினேட் பலகை போடுவதானால் பொதுவாகப் பத்தடிக்கு ஒன்றரை நூலுக்குமேல் ஏற்ற இறக்கம் ஆகாதாம். சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு கறார் இல்லை.

மேட்டைத் தேய்த்து, தூசி கூட்டி, பிரைமர் பூசி, தானே மட்டமாகும் சிமென்ட் கலவையை ஊற்றவேண்டும். மூட்டைமேல் அப்படித்தான் போட்டிருக்கிறது. கொத்துக்கரண்டியோடு ஓடுவதென்னவோ நாம்தான். அதற்குள் இறுக ஆரம்பித்துவிடும். வடிகால் துளையை மூட மறந்தால் கலவை நேராக அங்கேதான் குடிபோகும். மூடி, மொத்தத்தையும் கண்ணாடிபோல் சமமாக்கிவிட்டாலோ இன்னும் விசேஷம்: தரை அந்தத் துளைப் பக்கம் ஏன் சாய்ந்திருந்தது என்பதை, பனி உருகும் மாதத்தில் தண்ணீரே வந்து விளக்கும்.