25 எம்.பி.க்கு மேல் அனுமதி இல்லை

மின்னஞ்சலோடு வீடியோ இணைக்க ஜிமெயிலும் யாகூவும் 25 எம்.பி. வரை இடம் தருகின்றன. அவுட்லுக் டாட் காம் 20 எம்.பி. ஐபோனில் 4கே தரத்தில் எடுக்கும் வீடியோவோ நிமிடத்துக்குச் சுமார் 170 எம்.பி. விழுங்கும். போதாக்குறைக்கு, சொன்ன அளவும் பல இடங்களில் முழுசாகக் கிடைப்பதில்லை. மின்னஞ்சலைக் கடத்த 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. நெறிமுறை ஆங்கில எழுத்துகளைச் சுமக்கவே பிறந்தது. படமும் ஒலியும் அதில் ஏற வேண்டுமானால் எழுத்து வேடம் போட்டாக வேண்டும். பேஸ்64 என்னும் அந்த வேடத்தில் மூன்று பைட் நான்காகப் பெருத்துவிடும். பல சர்வர்கள் எடை பார்ப்பது வேடம் போட்ட பிறகுதான். ஆக, 25 எம்.பி. வாசலில் நிஜமாக நுழைவது 18 எம்.பி. சொச்சம், 4கே கணக்கில் ஆறு நொடி. கல்யாண வீடியோவில் அதற்குள் முதல் முடிச்சு விழலாம். மற்ற இரண்டு முடிச்சுக்கும் தனித்தனிக் கடிதம் போட வேண்டும்.

இந்த வேடத்துக்கு வழி செய்தது 1992-இல் வந்த மைம் என்னும் தரமுறை. அதை வகுத்த இருவரில் ஒருவரான நத்தானியல் போரன்ஸ்டைன் அந்த ஆண்டு மார்ச்சில் அனுப்பிய முதல் இணைப்பில் இருந்தவை, அவரும் நண்பர்களும் சேர்ந்து பாடும் குழுவின் படமும் பாட்டும். கேட்பவர் கேட்டாரா இல்லையா என்று பாராமல் சொந்தப் பாட்டை அனுப்பும் மரபு அன்று தொடங்கியது. இன்றுவரை குறைவின்றி நடக்கிறது.

வரம்பு வைப்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டுமல்ல. ஒரே வீடியோவை நாற்பது உறவினருக்கு அனுப்பினால் நாற்பது பெட்டியிலும் அது போய் உட்காரும். வழியிலுள்ள ஒவ்வொரு சர்வருக்கும் தனி வரம்பு உண்டு. அவற்றுள் சிறியதே சட்டம். மீறினால் 552 என்ற எண்ணோடு கடிதம் திரும்பி வரும். அதிலுள்ள ஆங்கிலத்தை யாரும் படிப்பதில்லை. அதே கடிதத்தை இன்னொரு முறை அனுப்பிப் பார்ப்பதே வழக்கம்.

அடுத்த முயற்சி ஜிப். வீடியோ கோப்பு கேமராவிலிருந்து வரும்போதே நன்றாகச் சுருக்கப்பட்டிருக்கும். அதை ஜிப் செய்வது மூன்று பாலும் எடுத்த தேங்காய்ச் சக்கையை மறுபடி பிழிவது போலத்தான்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அதுவே சுருக்கிக்கொள்ளும். அத்தையின் பட்டுச்சேலை ஜரிகை கலங்கலாகி, கடையில் ஏமாந்துவிட்டாளோ என்று ஊர் சந்தேகப்படும். அதையே டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது. 2022 முதல் 2 ஜி.பி. வரை போகும்.

அதற்கும் மேற்பட்டதற்கு லிங்க். ஜிமெயிலே 25 எம்.பி. தாண்டியதை கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க்காக மாற்றிவிடும். இலவச இடம் 15 ஜி.பி.; அதை மெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்ளும். பார்க்கும் அனுமதியைத் திறந்துவிடாமல் அனுப்பினால், வெளிநாட்டுச் சித்தப்பா நள்ளிரவில் அனுமதி கேட்பார்; கொடுக்க வேண்டியவர் குறட்டையில் இருப்பார். சில தளங்களின் லிங்க் சில நாளில் காலாவதியாகும். சித்தப்பா நிதானமாகத் திறப்பது அதற்கு மறுநாள்.

ஏற்றும் நேரமும் உண்டு. இணைய வேகத்தை விற்பவர்கள் பிட்டில் சொல்வார்கள். கோப்பு பைட்டில் இருக்கும். நடுவில் எட்டு மடங்கு. 10 எம்.பி.பி.எஸ். வேகத்தில் 4 ஜி.பி. ஏற ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 2009-இல் தென்னாப்பிரிக்காவில் இணையத்தோடு போட்டியிட்ட வின்ஸ்டன் என்னும் புறா 4 ஜி.பி. மெமரி கார்டோடு டர்பன் அருகே சுமார் 80 கி.மீ. பறந்தது. கார்டிலிருந்ததைக் கணினியில் இறக்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் சொச்சம். இணைய இணைப்பு அதற்குள் கடத்தியது 4 சதவீதம். அமேசானே 2016-இல் 100 பெட்டாபைட் கொள்ளும் கன்டெய்னர் லாரியைத் தகவல் சுமக்கும் வேலைக்கு அறிமுகப்படுத்தியது.

ஆக, சில நொடிக் காட்சிக்கு மெயில், 2 ஜி.பி. வரை டாக்குமென்ட், அதற்கு மேல் லிங்க். முகூர்த்தம் முதல் பந்தி வரை முழுவதும் வேண்டுமென்றால் பென்டிரைவ். அதை எடுத்துப் போக, ஊருக்குக் கிளம்பும் உறவினர் ஒருவர் எப்போதும் இருப்பார். ஊறுகாய் பாட்டிலுக்கு மறுப்புச் சொன்னாலும் இதற்குச் சொல்லமாட்டார்.