பரிசோதகர் யார்?

2004ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர், மனிதர்கள் சொடுக்கிச் சொடுக்கிச் சலித்துப்போகும் மென்பொருள் சோதனைகளை யந்திரமே செய்துகொள்ளும்படி ஒரு சாதனத்தை இயற்றி, மெர்க்குரி என்ற போட்டி நிறுவனத்தின் பாதரச விஷத்துக்கு முறிவு என்னும் பரிகாசத்தோடு அதற்குச் செலீனியம் என்று நாமகரணம் செய்தார். இலவசமாகவே கிடைக்கும் அந்தச் சஞ்சீவி எங்கள் புத்தலப்பட்டுக் கடைவீதிக்கு இன்னும் விஜயம் செய்தபாடில்லை.

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி.யின் 12 சதவிகித அடுக்கு மறைந்தபோது, இங்கே ஒரு மளிகைக்கடையின் பில் போடும் மென்பொருளில் வரியைத் திருத்தினார்கள். வரி திருந்தியது, யாரும் தொடாத கடன்பாக்கிக் கணக்கோ கெட்டுப்போயிற்று. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் பழைய காரியங்கள் பழையபடியே நடக்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் ரிக்ரஷன் டெஸ்டிங் என்று பெயர். அதை யந்திரத்திடம் ஒப்படைக்கலாகாதா என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“எதுக்கு சாமி? பாக்கியைக் கூட்டிக் காட்டினால் வாடிக்கைக்காரரே ஓடி வந்து சொல்லிவிடுகிறாரே!” என்றார்.

குறைத்துக் காட்டினால் என்று கேட்க வாயெடுத்த நான், என் பெயரில் நின்ற தொகை ஞாபகம் வரவே, மௌனமாக வீடு திரும்பினேன்.