பாஸ் வாங்கிய சகலை

சகலை என்பவர் யார் என்று சகலை உள்ளவர்களுக்குத்தான் தெரியும். மாமனார் வீட்டில் நமக்கு மார்க் போடும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படுகிற ஆள். என் சகலைக்கு என்னைவிட எப்போதும் பத்து மார்க் கூட. எல்லாம் கணக்கினால் வந்தது. கல்யாணப் பந்தியில் உட்காருமுன், பாயச வாளி எந்த வரிசையில் நிரம்பி வருகிறது என்று பார்த்து இலையைத் தேர்ந்தெடுக்கிறவர் அவர்.

அவர் குடும்பத்தோடு ஐரோப்பா போகப்போவதாகச் சொன்னபோது சந்தோஷப்பட்டேன். அதன்பிறகு மூன்று மாதம், ராத்திரி பதினோரு மணிக்கு என் போன் அடித்தது.

"சகலை, தூங்கலையே? ஒரு சின்ன டவுட்."

டவுட் இதுதான்: ரயிலுக்கு யூரெயில் பாஸ் வாங்குவதா, தனித்தனி டிக்கெட்டா? ஐரோப்பாவில் குடியிருக்காதவர்களுக்கென்றே இருக்கிற பாஸ் அது; 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் நமக்குப் பிடித்த 7 நாளில் எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம் என்பது ஒரு வகை. 'எத்தனை வேண்டுமானாலும்' என்ற இடத்தில்தான் சகலை விழுந்தார். அன்லிமிடெட் சாப்பாடு போர்டைப் பார்த்தவுடன் இடுப்பு பெல்ட்டைத் தளர்த்துகிற பரம்பரை நாம்.

எக்ஸெல் தாள் ஒன்று பிறந்தது. பெரியவர் ஒருவருடன் 11 வயது வரை இரண்டு பிள்ளைகள் இலவசம். மகளுக்கு 12 ஆகப்போகிறது. ஆனால் பாஸின் முதல் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. ஆகவே பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பே பாஸ் தொடங்கும்படி விமான டிக்கெட் எடுக்கப்பட்டது. முகூர்த்தம் குறித்த ஜோசியருக்குக்கூட இவ்வளவு துல்லியம் வாய்க்காது.

அடுத்து, கூடவே போகிற எங்கள் அத்தை. 60 ஆனவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி. அத்தைக்கு உண்மையில் 59. ஆனால் அந்தக் காலத்தில் கை தலையைச் சுற்றிக் காதைத் தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பு. தலைமையாசிரியர் எழுதியதே பிறந்த தேதி. பாஸ்போர்ட்டில் 61. "வாத்தியார் புண்ணியவான்" என்று சகலை உருகினார். அத்தை மட்டும் அந்தப் பேச்சை ரசிக்கவில்லை.

நேர்மையாகச் சொன்னால் கணக்கு தப்பில்லை. முன்கூட்டியே வாங்கினால் டிக்கெட் மலிவுதான். ஆனால் மலிவு டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும். தவறவிட்டால் பெரும்பாலும் காசு திரும்பாது. இரண்டு பிள்ளைகள் இலவசம் என்கிற வீட்டுக்குப் பாஸ் நல்லதுதான். வாங்கியதோடு சகலை நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம்.

மீதிக் கதை அத்தை சொன்னது.

ரோமில் முதல் அதிர்ச்சி. இத்தாலியின் அதிவேக ரயிலில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாக முன்பதிவுக் கட்டணம் உண்டு. ஆளுக்குப் பத்து யூரோவுக்குக் குறையாது. இலவசப் பிள்ளைகளின் இருக்கைக்கும் காசு. "பாஸ் வச்சிருக்கிறவன்கிட்டயே காசா?" என்று கொதித்த சகலை, முன்பதிவே தேவைப்படாத சாதா ரயிலில் குடும்பத்தை ஏற்றினார். ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற பிளாரன்ஸுக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். அந்தப் பாசஞ்சர் வண்டிக்கு ஒரு முழுப் பயண நாளைச் செலவழித்தாரே என்று நான் பிறகும் சுட்டிக்காட்டவில்லை. சகலை உறவு நுட்பமானது.

ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. உடைத்த தேங்காய் மாதிரி. அன்றைக்கே தீர்த்தாக வேண்டும். சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான ரயில்களுக்கு முன்பதிவு வேண்டாம் என்றதும் சகலைக்குச் சிறகு முளைத்தது. சூரிச்சில் விடியற்காலை ஏறி பெர்ன், இன்டர்லாக்கன், லூசர்ன், மறுபடி சூரிச். "பெர்ன்ல கடிகாரக் கோபுரம்னு ஒண்ணு. மணி பாக்கத்தான் நேரம் இருந்துச்சு" என்றார் அத்தை. "லூசர்ன்ல ஏரிக்குப் பக்கத்துல அழகா ஒரு மரப்பாலம் தம்பி. பாதி தூரம் போனதும், அடுத்த வண்டிக்கு நேரமாச்சுன்னு மாப்பிள்ளை திருப்பிக் கூட்டியாந்துட்டார். மறுபாதி எப்படி இருக்கும்னு நீங்க நெட்ல பாத்துச் சொல்லுங்க."

மியூனிக்கில் வேறொரு ஞானம். பவேரிய மாநிலத்துக்கு 'பயர்ன் டிக்கெட்' என்று ஒன்று: ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட், உள்ளூர் ரயில்களில் நாள் முழுக்க, எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை. அன்றைக்குப் பாஸைத் தொடாமல் ஒரு நாள் மிச்சம் பிடிக்கலாம். "ஆண்டவன் எனக்கு ரெண்டு பிள்ளையோட நிறுத்தினது எதுக்குன்னு இப்பப் புரியுது சகலை" என்று அங்கிருந்தே போன் செய்தார். ஒரே சிக்கல், வேலை நாட்களில் காலை 9 மணிக்கு முன் அது செல்லாது. எட்டேகால் மணிக்கே பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டார்கள். கண்முன்னே ஒரு சால்ஸ்பர்க் வண்டி புறப்பட்டுப் போனது. "ராகு காலம் முடியட்டும்னு வாசல்ல நிக்கிற மாதிரி நின்னோம்" என்றார் அத்தை.

அப்படி மிச்சம் பிடித்த நாளை என்ன செய்வது? கொலோனில் தங்கியிருந்தபோது, எங்கேயாவது ஒரு நாட்டுக்குப் போய்வந்துவிடலாம் என்று சகலை முடிவெடுத்தார். கோப்லென்ஸில் வண்டி மாறி, மோசல் ஆற்றங்கரையோடு லக்ஸம்பர்க். முன்பதிவுக் காசு இல்லாத வழி. வண்டியில் எல்லோரும் தூங்கிக்கொண்டு போனார்கள்.

லக்ஸம்பர்க் ஸ்டேஷனுக்கு வெளியே டிராம் நின்றது. சகலை டிக்கெட் மிஷினைத் தேடினார். குடும்ப டிக்கெட்டா, நாள் டிக்கெட்டா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் போனைக் கையில் தயாராக வைத்திருந்தார். மிஷினைக் காணோம். பத்து நிமிடம் கழித்து ஓர் அம்மாளை நிறுத்திக் கேட்டார். 2020 முதல் இந்த நாட்டில் பஸ், டிராம், ரயில் எல்லாமே இலவசம், வெளியூர்க்காரர்களுக்கும்தான் என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு டிராமில் ஏறிப்போனார்.

"மாப்பிள்ளை முகத்துல ஈயாடலை தம்பி" என்றார் அத்தை. "யாரோ பர்ஸை அடிச்சிட்டாங்களோன்னு நினைச்சேன்."

ஊர் திரும்பியதும் எக்ஸெல் தாளை எனக்கு அனுப்பியிருந்தார். ஊருக்கு ஊர் டிக்கெட் விலை, கொடுத்தது, மிச்சம் என்று வரிசையாகப் பச்சையில் ஓடுகிறது. லக்ஸம்பர்க் டிராமுக்கும் ஒரு வரி உண்டு. விலை 0, கொடுத்தது 0, மிச்சம் 0. அதை மட்டும் சிவப்பில் போட்டிருக்கிறார்.