கயாக் விசாரம்

மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்க ஜாதகமும், மாட்டைத் தேர்ந்தெடுக்கச் சுழி சாஸ்திரமும், மனையைத் தேர்ந்தெடுக்க வாஸ்துவும் வகுத்து வைத்த முன்னோர், முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து கடலடியில் உலாவிவர விரும்பும் ஒருவன் எத்தகைய கயாக்கில் ஏறிச் செல்லவேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு சூத்திரமேனும் செய்யாமற் போனது ஏன் என்று கேட்பவர்களுக்கு, 1943ல் கூஸ்தோ, கான்யான் என்ற பிரெஞ்சுக்காரர் இருவர் அக்குவாலங் என்னும் சுவாசக் கருவியைச் செய்து முடிக்கும் வரையில் அத்தகையவன் உலகில் பெருகவில்லை என்பதே சமாதானம். இப்போது பெருகிவிட்டான், ஆகவே இவ்வாராய்ச்சி அவசியமாயிற்று.

முதற்கண் பூர்வோத்தரம். கயாக் என்பது ஆர்க்டிக் பிரதேசத்து இனுயிட் மக்களின் பாஷையிலிருந்து வந்த சொல். அலையில் ஒதுங்கிய கட்டைகளால் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்து, கைகளை விரித்த அளவில் மும்மடங்கு நீளமும், இடுப்போடு இரண்டு முஷ்டி சேர்த்த அகலமுமாக, உரியவனுடைய உடம்பையே அளவுகோலாக வைத்து அதைச் செய்வது அவர்கள் மரபு. எனவே அதைப் படகு என்பதைவிட, இடுப்பிலிருந்து கீழே போட்டுக்கொள்ளும் சட்டை என்பதே பொருந்தும். தையற்காரன் அளவெடுத்த சட்டைக்குள் சிலிண்டரையும் கூட்டிக்கொண்டு நுழைவது எவ்வளவு சாத்தியமோ, நடுக்கடலில் அதைக் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டிக்கொள்வது எவ்வளவு சௌகரியமோ, அவ்வளவே அந்தப் பழைய கயாக்கில் முக்குளிக்கப் போவதும்.

இந்தச் சங்கடத்துக்கு விமோசனம் 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பிறந்தது. டிம் நீமியர் என்பவர் ஒரு சர்ஃப் பலகையைக் குடைந்து, உள்ளே நுழையாமல் மேலேயே உட்காரும்படியான கயாக்கைச் செய்தார். அதன் வழிவந்த பிளாஸ்டிக் கயாக்குகளில் தட்டிலிருந்து அடிவரை துவாரங்கள் உண்டு. மேலே விழுந்த அலை அவற்றின் வழியாக வந்த இடத்துக்கே திரும்பிவிடும். ஓட்டைப் படகு என்பது வசையாக இருந்த காலம் போய் விளம்பரமாகிவிட்ட அதிசயத்தை இங்கே காண்கிறோம். உள் என்று ஒன்று இல்லாதபடியால் இறைக்கவேண்டிய நீரும் இல்லை என்ற இந்தத் தத்துவத்தைக் கட்டைகளுக்கு இடையே கடலை வரவும் போகவும் விட்ட நம் கட்டுமரக்காரர்கள் வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். அதற்குத் துவாரம் போடும் செலவும் அவர்களுக்கு இருக்கவில்லை.

இனி லட்சணம். மிதப்பது கயாக் என்றால் அதிவியாப்தி, அதாவது கயாக் அல்லாததையும் சேர்த்துக்கொள்ளும் குற்றம் வரும். ஏனென்றால், வெறும் எடை மட்டும் பதினான்கு கிலோ இருக்கும் அலுமினியச் சிலிண்டர்கூட, நிறைந்திருக்கையில் நீரில் அமிழ்ந்தாலும், உள்ளே அடைத்த இரண்டரைக் கிலோவுக்கு அதிகமான காற்றை நாம் சுவாசித்துத் தீர்த்தபின் மிதக்கத் தொடங்கிவிடுகிறது. நீண்டு குறுகி விரைந்து செல்வது கயாக் என்றால், முக்குளிப்போர் விரும்புகிற அகன்ற கயாக்குகள் விலக்கப்பட்டு அவ்வியாப்தி ஆகும். விரைவும், ஆடாமையும், தூக்குவதற்கு இலகுவும், மலிவும் ஒருங்கே உடையது என்றாலோ அசம்பவம். அந்த லட்சணம் பொருந்திய கயாக் விலைப்பட்டியலுக்கு வெளியே எங்கும் காணப்பட்டதில்லை.

பிரமாணங்களுள் ஆப்தவாக்கியமாக, அதாவது நம்பத்தக்கவர் சொல்லாக, கொள்ளத்தக்கது கடைக்காரர் வாக்கு என்று எண்ணி நான் ஒரு கடைக்குச் சென்றேன். அவர் கம்பளத்தின்மேல் ஒரு கயாக்கை இறக்கி, என்னை அதில் உட்காரவைத்து, ஆடுகிறதா என்று வினவினார். ஆடவில்லை. கம்பளத்தின்மேல் எந்தக் கயாக்கும் இதுவரை கவிழ்ந்ததில்லை என்பது பிற்பாடுதான் என் புத்திக்கு எட்டியது. பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் அது தாங்கும் எடையும் இருந்தது. என் எடை எழுபத்தைந்து கிலோ, சிலிண்டர், அமிழ உதவும் ஈயப் பட்டை, ரப்பர் உடை முதலிய பரிவாரம் நாற்பது கிலோ என்று கூட்டி, அது சீட்டின் எடைக்குள் அடங்குவது கண்டு திருப்தி அடைந்தேன். ஆனால் சீட்டில் கண்ட எடையில் மூன்றில் இரு பங்குக்கு மேல் ஏற்றலாகாது என்பது அனுபவஸ்தர் கொள்கை. மீறினால் படகு அமிழ்வதில்லை. நீரை வெளியேற்ற வைத்த துவாரங்கள் நீரை உள்ளே வரவழைக்கும் உபகாரத்தைச் செய்ய, ஆசனம் சிறு குளமாகிவிடுகிறது.

பன்னிரண்டு அடிக்குக் குறைந்தால் துடுப்புப் போடுகிறவனுடைய தோளும், பதினைந்து அடிக்கு மிகுந்தால் அதைக் காரின்மேல் ஏற்றுகிறவனுடைய இடுப்பும் வருந்தும் என்பதும், சிலிண்டருக்குப் பின்புறம் பள்ளமும் அதை இறுக்க வாரும் வேண்டும் என்பதும் வெளிப்படை. ஆனால் இவையெல்லாம் போவதைப் பற்றிய விசாரமே. வருவதைப் பற்றிக் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில்தான் கற்றேன்.

அங்கே கடலடியிலிருந்து மேற்பரப்பு வரை கெல்ப் என்னும் ராட்சதப் பாசி காடாக வளர்ந்து நிற்கிறது. அதன் தண்டு ஒன்றைக் கயாக்கின் குறுக்கே போட்டுவிட்டால் நங்கூரம் வேண்டியதில்லை. முக்குளித்து எழுந்தேன். ஈயப் பட்டையைக் கழற்றித் தட்டில் வைத்தேன். மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பிச் சிலிண்டரோடு கழற்றிக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டேன். அதுவரை சாஸ்திரோக்தம். பிறகு விளிம்பைப் பிடித்து நிமிர்ந்து ஏற முயன்றேன். கயாக் என் பக்கமாக மரியாதையுடன் சாய்ந்து, ஈயப் பட்டையைக் கடலுக்கு அர்ப்பணித்தது. இரண்டாம் முறை என்னைத் தாண்டியே கவிழ்ந்தது. சற்றுத் தூரத்தில், அதே பாசியைத் தன்மேல் சுற்றிக்கொண்டு, கடல்நீர்நாய் ஒன்று மல்லாந்து கிடந்து, வயிற்றின்மேல் ஒரு நண்டை வைத்துத் தின்றுகொண்டிருந்தது. மூன்றாம் முறை கால்களை நீர்மட்டத்தில் நீட்டி உதைத்து, தரையில் ஊர்வதுபோல் குறுக்கே வயிற்றால் தவழ்ந்து, புரண்டு, பின்னரே உட்கார்ந்தேன். நீர்நாய் அதற்குள் நண்டை முடித்து அடுத்ததற்குப் போயிருந்தது.

ஆகவே சித்தாந்தம் இதுவே: நீரில் கிடப்பவனை அவன் வயிற்றளவில் மீண்டும் ஏற்றுக்கொள்ளும் அகலமும் பொறுமையும் உடையது எதுவோ அதுவே முக்குளிப்பவனுக்குரிய கயாக். அதைக் கடையில் உட்கார்ந்து பார்த்து வாங்கலாகாது. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஆழமற்ற நீரில் தானே வேண்டுமென்றே விழுந்து, ஏறிப் பார்த்து வாங்கவேண்டும். அப்போது ஈயப் பட்டையைக் கரையிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம். இரண்டாவது பட்டை வாங்கியவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.