தொண்ணூறு டிகிரி

எங்கள் வீட்டிலிருந்து எட்டு வீடு தள்ளி பால் பூத். அந்த எட்டு வீட்டுத் தூரத்துக்கு நான் இருபத்தைந்து வருஷம் பஜாஜ் சேத்தக்கில் போய்வந்தவன். காலை நேரத்தில் அது லேசில் கிளம்பாது. ஒருபக்கம் சாய்த்து, சோக்கை இழுத்து, ஏழெட்டு உதை விட வேண்டும். அதற்குள் அம்மா நடந்தே போய்ப் பாலை வாங்கி வந்து அடுப்பில் வைத்திருப்பாள். "காலைப் பெட்டியில வச்சுப் பூட்டியிருக்கியாடா?" என்பாள்.

2000 அக்டோபரில் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பையில் இடது முழங்காலை மாற்றினார்கள். அடுத்த வருஷம் வலது. எங்கள் வங்கியில் காபி வேளையில் அதுதான் பேச்சு. "அவர் நாட்டை நடத்தணும், மாத்திக்கிறார். நமக்கென்ன, கவுன்ட்டர்ல உட்கார்றதுதானே" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அப்போது எனக்கு நாற்பத்து நாலு. முட்டி இரண்டும் சொந்த முட்டி.

அறுபத்தாறில் என் முறை வந்தது. எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை வரம்பு கொண்டுவந்து, பரவலாகப் பொருத்தும் கோபால்ட் குரோமிய வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று வைத்திருந்ததால் தப்பித்தேன். அதற்கு முன்பு லட்சத்தைத் தாண்டும். அப்படியும் என் ஸ்கூட்டரைவிட விலை கூடிய வண்டி இப்போது என் தொடைக்குக் கீழே இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கரைக் கையில் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள். அதன்பிறகு வீட்டுக்கு ஒரு பிசியோதெரபி பெண் வந்தாள். என் பேத்தியைவிட நாலு வயது மூத்தவளாக இருக்கலாம். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "முட்டியைக் கட்டிலோட அழுத்துங்க அங்கிள், அஞ்சு எண்ணுங்க" என்பாள். நான் மூன்றுக்குப் பிறகு நேரே ஐந்துக்குத் தாவுவேன். வங்கியில் முப்பத்தாறு வருஷம் ஒரு ரூபாய் பிசகாமல் எண்ணியவன். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சொர்க்கமாக இருக்கும்; கால் மடங்கின வாக்கிலேயே இறுகிவிடும் என்று அவள் சொல்லப்போக, என் மனைவி வீட்டிலிருந்த தலையணைகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

பிறகு அந்தப் பெண் பையிலிருந்து கோணமானியை எடுப்பாள். ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்ததற்கு இரண்டு கை முளைத்ததுபோல ஒரு சாமான். காலை மடக்கச் சொல்லி, தொடையோடு ஒரு கை, கெண்டைக்காலோடு ஒரு கை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் ஐம்பதைத் தாண்டியதில்லை. மூன்றாம் வாரம் தொண்ணூறு எடுத்தேன். கண்ணில் நீர் வழிய எடுத்த தொண்ணூறு. அவள் நோட்டில் குறித்துக்கொண்டு, "நாற்காலியிலேர்ந்து சுலபமா எழுந்திருக்க இன்னும் வேணும் அங்கிள், நூத்திப்பத்தாவது வரணும்" என்றாள். எந்த வாத்தியாரும் என்னிடம் நூற்றுக்கு நூற்றிப்பத்து கேட்டதில்லை.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். தரையில் சம்மணம் கூடாது. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் கிடையாது, காதைப் பிடித்துக்கொள்வதோடு சரி. ஓட்டமும் குதியும் கூடாது. உலோகத்துக்கு நடுவே இருக்கும் பாலிஎதிலீன் தகடு தேயும். இதைக் கேட்டதும் எனக்குத் தாங்க முடியாத வருத்தம். எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு நான் ஓடியதே இல்லை என்பது வேறு விஷயம்.

நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். நடக்கலாம் என்ன, நடந்தே ஆகணும் என்றார் டாக்டர். மூட்டை அவர் மாற்றிவிட்டாராம். அதைத் தாங்கும் தொடைத் தசையை நான்தான் வளர்க்க வேண்டுமாம்.

மூன்றாம் மாதம், கைத்தடி இல்லாமல் எட்டு வீட்டையும் கடந்தேன். பூத்துக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வண்டி ரிப்பேரா?"

"ரிப்பேர் முடிஞ்சு வந்திருக்கேன்பா" என்று பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, அடுத்த தெரு வழியாகச் சுற்றி வீடு திரும்பினேன்.