ஆள் மாத்துற நானா

கண்டியிலிருந்து குருநாகல் போகும் பஸ்ஸில் ஏறி, கலகெதரயில் இறங்கி, பிளேன்டீ குடிக்க எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் மூலை மேசையில் ஒரு நானா இருப்பார். படம் நன்றாக இருந்ததா என்று அவரிடம் கேட்கக்கூடாது. எல்லாப் படத்துக்கும் அவரிடம் ஒரே விமர்சனம்தான்: "படம் பரவால்ல தம்பி, ஆளை மாத்தியிருக்கோணும்."

யாரை மாற்றுவது, அந்த இடத்தில் யாரைப் போடுவது என்பதெல்லாம் அதற்கு மேல் வரும். அதற்குள் டீ ஆறிவிடும்.

அவருக்குப் பிடித்த வழக்கு 'த்ரிஷ்யம்'. 2013இல் மலையாளத்தில் மோகன்லால், 2015இல் 'பாபநாசம்' என்று தமிழில் கமல், 2017இல் செய்யாறு ரவியின் இயக்கத்தில் 'தர்மயுத்தய' என்று சிங்களத்தில் ஜாக்சன் அந்தனி. ஒரே வேஷத்தில் மூன்று பேர் வரிசையாக நின்றால் நானாவுக்குப் பெருநாள்தான்.

"கமல் சரிவராது. படிப்பில்லாத கேபிள் டீவிக்காரன்தானே அது? கமல்ட மூஞ்சில ஒரு லைப்ரரியே ஈக்கி."

"மோகன்லால்?"

"அவர் சிரிச்சாலே ஏதோ மறைக்கிறார்னு பொலிஸுக்கு வெளங்கிரும். ஜாக்சன்தான் ஆள். பாவம், மௌத்தாகிட்டார்."

ஒருவரையாவது ஒப்புக்கொண்டாரே என்று நான் மூச்சு விடுமுன், "ஆனா விசாரிக்கிற பொலிஸை மாத்தோணும்" என்றார். அதற்கும் ஆள் தயார். கல்லாவில் இருந்த கடை முதலாளியைக் காட்டினார். "இவர் கடனைக் கேக்கிற மாதிரிக் கேட்டிருந்தா, இடைவேளைக்கு முந்தியே குடும்பத்தோட போய்ப் புதைச்ச இடத்தைக் காட்டியிருப்பாங்க."

முதலாளி சிரிக்கவில்லை. நானாவின் கணக்கு அவருடைய கொப்பியில் இருக்கிறது.

'பொன்னியின் செல்வ'னில் அவருக்குப் பிரதேச உரிமைப் பிரச்சினையும் உண்டு. எம்.ஜி.ஆர். பிறந்தது 1917இல், நாவலப்பிட்டியில். அந்தக் கதையைப் படமாக்கப்போவதாக 1958இல் அவர் அறிவித்தார், நடக்கவில்லை. 2022இல் மணிரத்னத்தின் படம் வந்தபோது வந்தியத்தேவன் கார்த்தி. நானாவுக்கு ஆறவில்லை. "வந்தியத்தேவன் கதைப்படி இலங்கைக்கு வாறவன். இங்க பொறந்தவர் நடிச்சிருந்தா ஒருத்தர்டயும் வழி கேக்கத் தேவல்ல." எம்.ஜி.ஆர். சின்னஞ்சிறு வயதிலேயே இந்தியா போய்விட்டவர் என்று எடுத்துச் சொன்னேன். அது நானாவின் காதில் ஏறவில்லை.

இவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் கோடம்பாக்கத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே சம்பளம் உண்டு, அவ்வளவுதான். ஷங்கர் கமலை வைத்துத் தொடங்க நினைத்த 'எந்திரன்' 2010இல் ரஜினியோடு வந்தது. அஜித்துக்கென்று பேசிய 'நான் கடவு'ளில் ஆர்யா சடை வளர்த்தார். இந்தியில் அமிதாப் நடித்த 'டான்'தான் 1980இல் ரஜினியின் 'பில்லா'. 2007இல் அதே கோட்டுக்குள் அஜித் நுழைந்தார். 'பராசக்தி' எடுக்கும்போது ஏவி. மெய்யப்பச் செட்டியாருக்குப் புதுப்பையன் சிவாஜியைப் பிடிக்கவில்லை. பி.ஏ. பெருமாள் விடாப்பிடியாக நின்றதால் 1952இல் சிவாஜி நமக்குக் கிடைத்தார். செட்டியார் பக்கத்தில் நம் நானா மட்டும் இருந்திருந்தால், சிவாஜி திரும்பவும் நாடகக் கொட்டகைக்கே போயிருப்பார்.

இவர் மாற்றாத ஆளே கிடையாதா என்று பார்க்க எனக்கும் ஆசை வந்தது. 1978இல் வந்த 'பைலட் பிரேம்நாத்'தை எடுத்துப் போட்டேன். சிவாஜிக்கு ஜோடி நம் மாலினி பொன்சேகா. நானா முதல் தடவையாக யோசித்தார்.

"மாலினியை மாத்த ஏலாது."

"அப்ப இந்தப் படம் தப்பிச்சிரிச்சா நானா?"

"எப்பிடித் தப்பும்? சிவாஜியை மாத்தோணும். காமினி பொன்சேகாவைப் போட்டிருந்தா வெள்ளிவிழா!"

அந்த வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நானாவிடம் சினிமா பேசாதீர்கள். பேசித்தான் ஆகவேண்டும் என்றால் கிரிக்கெட் பேசுங்கள். அதிலும் ஆளை மாற்றுவார். ஆனால் பதினொரு பேரோடு முடிந்துவிடும்.